ஏகமனதாக மாற்றிய கம்ப்யூட்டர்

திரையின் நடுவில் அந்தச் சாம்பல் நிறப் பெட்டி மறுபடியும் வந்து நின்றது. செங்கோடன் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, ஆலைக் கேட்டில் ஒட்டிய நோட்டீஸைப் படிப்பதுபோல வார்த்தை வார்த்தையாகப் படித்தார். இந்த இணைப்பு மென்பொருள் உங்கள் கணினியின் புதிய பதிப்பில் இயங்காது. இங்கிலீஷ்தான். ஆனால் இங்கிலீஷ் அவருக்கு என்றைக்கும் தடையாக இருந்ததில்லை. தீர்ப்பு நகல்களையும் வெளியூர்ச் சங்கங்கள் அனுப்பும் துண்டுப் பிரசுரங்களையும் அகராதியோடு மல்லுக்கட்டிப் படித்தே, கோட்டுப் போட்ட வக்கீலை எதிரே நின்று மடக்கும் அளவுக்கு இங்கிலீஷைச் சம்பாதித்தவர். பெட்டிக்குக் கீழே ஒரே ஒரு பட்டன். ஓகே. ஓகே இல்லை என்று சொல்ல இடமே வைக்கவில்லை. ஆட்சேபணைக்கு அவகாசம் கொடுக்காத நோட்டீஸ் செல்லாது என்று எத்தனை மேனேஜர்களின் மேசையைத் தட்டியிருப்பார். இங்கே தட்டுவதற்கு அவருடைய மேசை மட்டும்தான் இருந்தது. ஓகேயை அமுக்கினார். பெட்டி போனது. பின்னால் எந்த நாட்டதோ ஒரு ஏரி, பனி மூடிய மலை, ஆள் நடமாட்டமே இல்லாத ஒரு நீலம். முந்தாநாள் வரைக்கும் அந்த இடத்தில் சங்க மாநாட்டு ஊர்வலத்தின் படம் இருந்தது, முன்வரிசையில் அவர், கழுத்து நரம்பு புடைக்க வாயைத் திறந்தபடி. தீர்ப்பாயத்தின் முத்திரை போட்ட படத்தின்மேல் மறுபடி இரண்டு தட்டு தட்டினார். வளையம் சுற்றியது. சுற்றியது. ஒரு நொடி நின்றதுபோல இருந்தது, மூச்சைப் பிடித்தார், பெட்டி வந்தது. பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலி முனகியது. "ஏனுங்ணா, இன்னும் ஆகலீங்ளா?" என்றாள் வசந்தாமணி. "ஆகும் அம்மிணி. புதுசல்ல, கொஞ்சம் மொரண்டு பண்ணும்" என்றார். அவர் குரலில் ஒரு குறையும் இல்லை. அந்தக் குரலுக்கு இருட்டிலும் வெளிச்சம் இருப்பதாகச் சொல்ல வரும். ஜன்னலுக்கு வெளியே, சாலைக்கு அந்தப் பக்கம், சாய ஆலையின் பெரிய கேட் அரைகுறையாகத் திறந்து கிடந்தது. சங்க ஆபீஸ் எப்போதும் கேட்டைப் பார்த்தபடிதான் இருக்க வேண்டும் என்று சொல்லி இந்த அறையைப் பிடித்தவரே அவர்தான். கேட்டைக் கண்காணிக்க. இப்போது கேட் அவரைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது.

காலை அமர்வில் முதல் வழக்கே இவர்களுடையது. தீர்ப்பாயம் தலைநகரத்தில் இருக்கிறது, சாட்சிகள் அங்கே போய் அலைய வேண்டாம், ஊரிலிருந்தே திரையில் தோன்றலாம் என்று ஏற்பாடு வந்தபோது அதை வரவேற்று நோட்டீஸ் போட்டவரும் அவரே, உழைக்கும் மக்களின் பயணப்படியை மிச்சப்படுத்தும் நடவடிக்கை என்று. அதற்கென்று ஒரு மென்பொருள் கொடுத்தார்கள். கம்ப்யூட்டரில் மட்டும்தான் வேலை செய்யும், செல்போனில் செய்யாது, சாட்சிக்கு முன்னால் இருக்கும் மேசை முழுவதும் தெரிய வேண்டும், பக்கத்தில் இருந்து யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. நியாயம்தான். போன தடவை வசந்தாமணிக்குக் காய்ச்சல், வரவில்லை. அதற்கு முந்தின தடவை கரண்ட் போய்விட்டது. கடைசி வாய்ப்பு என்று தீர்ப்பாய அலுவலர் உத்தரவில் எழுதிவிட்டார். இன்றைக்கும் தோன்றாவிட்டால் மனு தள்ளுபடி, அவ்வளவுதான், அதற்கப்புறம் வசந்தாமணியின் புருசன் நாச்சிமுத்து அந்த ஆலையில் வேலை செய்த ஆளே இல்லை என்று ஆகிவிடும். கம்பெனி அதைத்தான் சொல்கிறது. இறந்தவர் எங்கள் தொழிலாளி அல்ல, யாரோ வெளியாள், அத்துமீறி உள்ளே வந்து கழிவுத் தொட்டியில் விழுந்திருக்கிறார். யாரோ வெளியாள். அந்த வரியைப் பதில் மனுவில் படித்த அன்றைக்கு வசந்தாமணி சிரித்தாள், அதை அவரால் மறக்க முடியவில்லை. "பொணத்தக் குளிப்பாட்டறப்பக்கூட நகத்துல சாயம் போகலீங்ணா, வெளியாளுக்கு எப்புடிங் நகத்துல சாயம் வரும்?" என்றாள். நாச்சிமுத்துவின் கால் பாதத்திலிருந்து முழங்கால் வரைக்கும் நீலமாக இருந்தது. கருநீலம் இல்லை, திருவிழாச் சட்டை நீலம். அதை நினைக்காதே. விசாரணையை நினை. கம்பெனி சமரசத்துக்கு வந்தபோது ஒரு தொகையை நீட்டினார்கள், வசந்தாமணி இவர் முகத்தைப் பார்த்தாள், இவர் வேண்டாம் என்றார், அவள் வேண்டாம் என்றாள். பணத்தை வாங்கினால் வெளியாள் என்று ஒப்புக்கொண்டதாக ஆகும். சரியாகத்தான் சொன்னார். சரியாகத்தான் சொன்னோம். இப்போதும் அதையேதான் சொல்வோம். வளையம் சுற்றுகிறது. பெட்டி.

எல்லாம் செயற்குழுவில் ஆரம்பித்தது. இல்லை, அதற்கு முன்பே, திரையின் ஓரத்தில் தினம் ஒரு எச்சரிக்கை எட்டிப் பார்க்க ஆரம்பித்ததில். இந்தப் பதிப்புக்கு இனி ஆதரவு இல்லை, உங்கள் தகவல்களுக்குப் பாதுகாப்பு இல்லை. மற்றவர்களாக இருந்தால் மூடிவிட்டுப் போயிருப்பார்கள். செங்கோடன் ஒரு நோட்டீஸையும் படிக்காமல் விட்டவரில்லை. பாதுகாப்பு இல்லை என்றால் யாரிடமிருந்து பாதுகாப்பு இல்லை? கம்பெனியிடமிருந்து. நாம் என்ன கேட்கப்போகிறோம் என்பது அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறதே, எப்படி? இந்த ஓட்டை வழியாகத்தான். செயற்குழுவில் எழுந்து நின்று பேசினார். வந்திருந்தவர்கள் கூட்டம் செல்லுபடியாகத் தேவையான அளவுதான், அதில் இருவர் தூங்கிக்கொண்டிருந்தார்கள், ஆனாலும் எழுந்து நின்றுதான் பேசினார். எதிரியின் காலடியில் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் படுக்கிற சங்கம் இது இல்லை, தோழர்களே. பழைய சிஸ்டத்தை நீக்கிவிட்டு உடனடியாகப் புதிய சிஸ்டம் ஏற்றுவது என்று முன்மொழிந்தார். பொருளாளர் யாகூப் மட்டும், "வெசாரணை முடியட்டுமேண்ணா, ஓடறது ஓடட்டும்" என்றார். ஓடுகிறது ஓடட்டும் என்கிற புத்திதான் இந்த நாட்டைக் கெடுத்தது என்று இவர் ஆரம்பித்ததும் யாகூப் கையைத் தூக்கிவிட்டார். ஏகமனதாக நிறைவேறியது. தூங்கியவர்களும் கையைத் தூக்கினார்கள். நேற்று கம்ப்யூட்டர் கடை ஜெயப்பிரகாஷ் வந்து ஏற்றிக் கொடுத்தான். எல்லாம் பளபளவென்று இருந்தது. செங்கோடன் கடிதம் அடித்துப் பார்த்தார், அச்சு எடுத்துப் பார்த்தார், கோவைத் தோழருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். தீர்ப்பாயத்தின் மென்பொருளை மட்டும் தட்டிப் பார்க்கவில்லை. அதைத் தட்டிப் பார்க்க வேண்டும் என்று ஏன் தோன்றவில்லை? அது நம்முடையது இல்லை, அரசாங்கத்தினுடையது, அரசாங்கத்தினுடையது எப்போதும் இருக்கும் என்று அவருக்குள் ஏதோ ஒன்று நம்பியிருக்கிறது. வாழ்நாள் முழுக்க அரசாங்கத்தை வைது வந்த ஆளுக்குள் அப்படி ஒரு நம்பிக்கை. அவருக்கே கசந்தது.

செல்போனில் ஜெயப்பிரகாஷைப் பிடித்தார். "அட, அது பழைய காலத்துச் சாப்ட்வேருங்கய்யா, புது வெர்சன்ல ஓடாது. எங்கிட்ட நீங்க சொல்லவே இல்லீங்களே" என்றான். "எல்லாத்தையும் மாத்தீருன்னு சொன்னீங்க, மாத்தீட்டேன்." சரி, இப்போது என்ன செய்வது என்றார். "செட்டிங்ஸ்ல போனீங்கன்னா முந்தின வெர்சனுக்குத் திரும்பறதுக்கு ஒரு பட்டன் இருக்குதுங்க. அமுக்குனா அதுவே பழசுக்குப் போயிரும். நேரம் புடிக்கும், இப்பவே அமுக்குங்க." செங்கோடன் அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார், கம்ப்யூட்டரில் அவர் ஒன்றும் கட்டுப்பெட்டி இல்லை, மவுஸின் அம்புக்குறி பட்டன் மேலேயே போய் நின்றது. நின்றது. விரல் அமுங்கவில்லை. செயற்குழுவின் தீர்மானத்தைத் தனி ஆள் மாற்ற முடியாது. முன்மொழிந்தவனே ஆனாலும் முடியாது, முன்மொழிந்தவன் என்றால் இன்னும் முடியாது. ஒரு காலத்தில் மின்வாரியப் பக்கம் இருந்த சுப்பராயன் என்கிற தோழரை இதே அறையில் இதே காரணத்துக்காகத்தான் நீக்கினார். ஆர்ப்பாட்டத்தின் இடத்தை மழைக்காகத் தானாகவே மாற்றிவிட்டான் அந்த மனிதன். மழை பெய்தது உண்மை. நல்ல இடத்துக்குத்தான் மாற்றினான், அதுவும் உண்மை. ஆனால் யாரைக் கேட்டு மாற்றினாய்? சுப்பராயன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனான், அப்புறம் எந்தச் சங்கத்திலும் சேரவில்லை. இது பைத்தியக்காரத்தனம், பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், நீ சுப்பராயனை நினைத்துக்கொண்டிருக்கிறாய். தெரிகிறது. தெரிந்தும் விரல் யாகூபின் எண்ணைத்தான் தேடியது. யாகூப் ஈரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் இருந்தார், பின்னால் தட்டு மோதும் சத்தம். "பொருளாளர் ஒப்புதல் கொடுத்தா அவசர நடவடிக்கைன்னு பதிஞ்சுக்கலாம், அடுத்த கூட்டத்துல வெச்சு..." என்று இவர் தொடங்க, "அண்ணா" என்று யாகூப் கத்தினார், "பட்டன அமுக்குங்கண்ணா! தீர்மானமாவது மண்ணாங்கட்டியாவது. அந்தப் புள்ள வாழ்க்கை அங்க தொங்கீட்டிருக்குது, நீங்க ஒப்புதல் கேக்கறீங்க. பிரியாணி எலையில உக்காந்து நா ஒப்புதல் கொடுக்கோணுமா? கொடுத்தாச்சு, போங்க!" லைன் அறுந்தது. அவர் அமுக்கினார். கம்ப்யூட்டர் உடனே கேட்டுக்கொள்ளவில்லை. ஏன் திரும்பிப் போகிறீர்கள் என்று காரணம் கேட்டது. ஐந்தாறு காரணங்களை வரிசையாகப் போட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. மேனேஜர்கள்கூட இவ்வளவு நயமாக விளக்கம் கேட்டதில்லை. அவருடைய காரணம் அதில் இல்லை. ஏதோ ஒன்றைத் தட்டினார். திரை கறுத்து, நடுவில் வளையமும் அதன் கீழே ஒரு வரியும் தோன்றின. முந்தைய பதிப்பு மீட்கப்படுகிறது, கணினியை நிறுத்த வேண்டாம்.

அந்தக் கறுப்பில் அவருடைய முகமே தெரிந்தது, அதற்குப் பக்கத்தில் கொஞ்சம் தாழ்வாக வசந்தாமணியின் முகம். அவள் உதடு மெல்ல அசைந்துகொண்டிருந்தது. சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறாள். அவர் எழுதிக் கொடுத்ததைத்தான். என் கணவர் அன்று வேலைக்குப் போகவில்லை. நிலுவைக் கூலி கேட்பதற்காக ஆலைக்குப் போனார். பதினைந்து தடவையாவது சொல்லிக் கொடுத்திருப்பார், அவள் ஒவ்வொரு தடவையும் முதல் வரியிலேயே நின்றுவிடுவாள், மறந்துவிட்டது என்பாள். அன்று வேலைக்குப் போகவில்லை. ஏன் என்றால் அன்று வேலைநிறுத்தம். அவர் அறிவித்த வேலைநிறுத்தம், கடைசியாக நடந்த பெரியது, இனி ஒன்று நடக்காது என்று அவருக்கே தெரிந்த ஒன்று. சாயங்காலமே நோட்டீஸ் அச்சாகிவிட்டது. ஆலையின் எந்திரங்கள் மௌனம், ஈ காக்கை கூட உள்ளே போகவில்லை, நூற்றுக்கு நூறு வெற்றி. அவர் கையால் எழுதிய வாசகம். மை காயுமுன்னே தொட்டியில் பிணம் என்று சேதி வந்தது. அதை நினைக்காதே. திரையைப் பார். வளையம் அப்படியே சுற்றுகிறது. அப்போதுதான் வசந்தாமணி கேட்டாள், திரையைப் பார்த்துக்கொண்டே, சாதாரணமாக, காய்கறி விலை கேட்பதுபோல. "ஏனுங்ணா, கூலி கேக்கப் போனாருன்னு சொன்னா, அப்ப வேலைக்காரர் இல்லேன்னுதானுங்களே ஆவும்?" "அது சட்ட நுணுக்கம் அம்மிணி. நிலுவை இருக்குதுன்னாலே வேலை செஞ்சவருன்னு அர்த்தம்." "நெலுவைக்கு ஆதாரம் கேட்டா?" ஆதாரம் இல்லை. காண்ட்ராக்ட்காரன் எதிலும் பெயர் போடவில்லை, கூலி கையில்தான். ஆதாரம் ஒன்றே ஒன்று உண்டு, அது இருவருக்கும் தெரியும், இருவரும் அதைச் சொல்லாமல் சுற்றிக்கொண்டு வருகிறார்கள், கிணற்றைச் சுற்றி நடப்பதுபோல. அதைத் தோண்டாதே.

போன் அடித்தது. ஆலையின் பர்சனல் மேனேஜர் சிவப்பிரகாசம், குரலில் தேன். "செங்கோடன் ஐயாங்களா? தீர்ப்பாயத்துல கூப்பிட்டாங்களாம், உங்க பக்கம் லைன் வரலியாமே. ஆபீசர் எங்களைக் கேட்டாருங்க, முடிஞ்சா சாட்சிக்கு ஏற்பாடு பண்ணிக் கொடுங்கன்னு. எங்க மீட்டிங் ரூம்ல நல்லா வருது. அம்மாவைக் கூட்டிட்டு வாங்க, ரோட்டைத் தாண்டுனா வந்தாச்சு. ஏசி ரூமுங்க." "உங்க ஏசியில நாங்க சாட்சி சொல்லோணுமா?" என்றார் செங்கோடன். "எங்களுக்கு ஒண்ணுமில்லீங்கய்யா. வரலீன்னா தள்ளுபடி. அப்புறம் மேனேஜ்மெண்டுதான் தடுத்துச்சுன்னு நீங்களே நோட்டீஸ் போடுவீங்க. அந்தப் பேச்சு நமக்கு எதுக்குங்?" சிரித்தான். தைரியமாகச் சிரித்தான். அந்தத் தைரியம் எங்கிருந்து வருகிறது என்பது செங்கோடனுக்குத் தெரிந்திருந்தது. வழக்கில் இரண்டு தரப்பும் எல்லாவற்றிலும் மோதிக்கொண்டன, ஒன்றைத் தவிர. அன்று ஆலை ஓடவில்லை. கம்பெனியும் அதைத்தான் சொன்னது, வேலைநிறுத்தத்தால் உற்பத்தி முற்றிலும் நின்றது என்று. ஓடியது என்று சொன்னால் யாரை வைத்து ஓட்டினாய், அவன் யார், எதற்குத் தொட்டியில் இறங்கினான் என்ற கேள்வி வரும். சங்கமும் அதைத்தான் சொன்னது. ஓடியது என்று சொன்னால். அந்த ஒரு வரியில் மட்டும் ஐம்பது வருஷப் பகைவர்கள் ஒரே குரலாக நின்றார்கள். போனைக் கீழே வைத்தார். வசந்தாமணி எழுந்து நின்றிருந்தாள், எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. "போயிட்டு வந்தர்றனுங்ணா." "அம்மிணி, உக்காரு. அவன் எடத்துல போயி உக்காந்து அவன் தண்ணியக் குடிச்சுட்டு அவனுக்கு எதிரா எப்படிப் பேசுவ? நா இந்தக் கேட்டுக்குள்ள காலு வெச்சு எத்தன வருசமாச்சு தெரியுமா? டிஸ்மிஸ் பண்ணுன அன்னைக்குச் சொன்னேன், இனி இந்தப் படி ஏற மாட்டேன்னு." அவள் அவரைப் பார்த்தாள். கோபம் இல்லை, அதுதான் தாங்கவில்லை. "நீங்க ஏற வேண்டாங்ணா. எங்கூட்டுக்காரரு அந்தத் தொட்டிக்குள்ளயே எறங்குனாரு. நா படி ஏறப்படாதுங்ளா?" செருப்பை மாட்டும் சத்தம். படிக்கட்டு. அப்புறம் ஜன்னலில் அவளுடைய பச்சைப் புடவை சாலையைத் தாண்டியது, ஒரு டெம்போவுக்கு நின்றது, மறுபடி நடந்தது, அரைகுறையாகத் திறந்த கேட்டுக்குள் போய் மறைந்தது. வாட்ச்மேன் அவளுக்கு வணக்கம் வைத்தான்.

இப்போது அறையில் விசிறியும் வளையமும் மட்டும் சுற்றின. அவளோடு போயிருக்கலாம். இன்னும் போகலாம், சாலையைத் தாண்ட எவ்வளவு நேரம். எழுந்திருக்கவில்லை. சொன்ன சொல் என்று ஒன்று இருக்கிறதே, சொன்ன சொல்லைத் தவிர அவரிடம் வேறு என்ன இருக்கிறது, பிள்ளை இல்லை, காடு தோட்டம் இல்லை, கூட நின்றவர்கள் பாதிப்பேர் செத்துவிட்டார்கள், மீதிப்பேர் மகன்களின் கடைகளில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார்கள். நோட்டீஸ் கொடுத்தால் வாங்கி மடித்து வடைக்கு எண்ணெய் ஒற்றுகிறார்கள். அவர் எழுதிய நோட்டீஸில். ஈ காக்கை கூட. அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் வசந்தாமணி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், விடியக்காத்தால போன் வந்துதுங்ணா, சூப்ரவைசர் கூப்புட்டான், ஒரே ஒரு ஷிப்ட், பின்பக்கமா வா, தொட்டி அடைச்சுக்கிச்சுன்னு, நா போக வேண்டாம்னேன், கேக்கலீங்ணா, கூட இன்னும் நாலஞ்சு பேரு உள்ள வர்றாங்கன்னாரு. உள்ளே நாலைந்து பேர். சங்கத்து ஆட்கள். அவரோடு காலையில் கேட்டில் கோஷம் போட்டுவிட்டுப் பின்பக்கமாகப் போனவர்கள். அவர்கள்தான் நாச்சிமுத்துவைத் தூக்கி வெளியே போட்டார்கள், அவர்கள் கையிலும் நீலம் இருந்தது, அன்றைக்கு ராத்திரியே துடைத்துக்கொண்டு அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்தார்கள். அவர் பார்த்தார். கையைப் பார்த்தார். அவர் வசந்தாமணியிடம் என்ன சொன்னார்? இதை யார்கிட்டயும் சொல்லாத அம்மிணி, உம் புருசன் ஸ்ட்ரைக்க மீறுன கருங்காலின்னு பேராயிரும், தியாகின்னு இருக்கட்டும். அவளுக்காகச் சொன்னது. அவளுக்காகத்தான் சொன்னது. நாச்சிமுத்துவுக்காக. சங்கத்துக்காக. கேட்டுக்கு எதிரே ஒவ்வொரு போராட்டமாகத் தோற்றுக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு நூற்றுக்கு நூறாவது வேண்டியிருந்தது. யாருக்கு? அந்தக் கேள்வியின் முன்னால் அவருடைய எண்ணம் வந்து வந்து நின்றது, முட்டியது, திரும்பியது, மறுபடி வந்தது. அந்தப் போன் அழைப்பு, அந்த நாலைந்து பேர், அது போதும் வழக்கு ஜெயிக்க, அது எப்போதும் போதுமானதாக இருந்தது. அதை எடுத்துவிட்டுத்தான் நிலுவைக் கூலி என்று ஒன்றைக் கட்டினார். அவர் கட்டியது. அவளுக்கு ஒவ்வொரு தடவையும் மறந்துபோனது.

திரை வெளிச்சமானது. ஏரி போய்விட்டது, ஊர்வலம் திரும்பி வந்துவிட்டது, வாயைத் திறந்தபடி அவர். தீர்ப்பாயத்தின் படத்தைத் தட்டினார். வளையம். பெட்டி வரவில்லை. திறந்தது. நான்கு கட்டங்கள். ஒன்றில் அலுவலர், நரைத்த புருவம், பின்னால் அலமாரி. ஒன்றில் கம்பெனி வக்கீல். ஒன்றில் நீண்ட பளபளப்பான மேசை, அதன் கோடியில் பச்சைப் புடவை, அவளுக்கு முன்னால் தொடாத தண்ணீர் டம்ளர். கட்டத்தின் ஓரத்தில் யாருடைய சட்டைக் கையோ, சிவப்பிரகாசத்தினுடையதாக இருக்க வேண்டும், கதவுப் பக்கம் நிற்கிறான். நான்காவதில் ஒரு கிழவன், மூக்கு நுனியில் கண்ணாடி. "மதிப்பிற்குரிய அலுவலர் அவர்களே" என்றார் செங்கோடன். யாரும் திரும்பவில்லை. குரலை உயர்த்தினார், மைதானத்தில் மைக் கெட்டுப்போனாலும் கடைசி வரிசைக்குக் கேட்ட குரல். திரையின் கீழே ஒரு சின்ன வரி, ஒலிவாங்கி கிடைக்கவில்லை. பழையதைத் திருப்பிக் கொடுத்த கம்ப்யூட்டர் மைக்கை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை. அவர்கள் பேசுவது இங்கே கேட்டது. இவர் பேசுவது எங்கேயும் கேட்கவில்லை. "சங்கப் பிரதிநிதியின் குரல் வரவில்லை" என்றார் அலுவலர். "அம்மா, ஒத்திவைக்கட்டுமா, இல்லை நீங்களே சொல்கிறீர்களா? உங்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லையே?" செங்கோடன் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினார். ஒத்திவை, ஒத்திவைக்கச் சொல், அம்மிணி. அவள் திரையைப் பார்ப்பது தெரிந்தது. நேராக அவருடைய கட்டத்தைப் பார்க்கிறாள், கைகள் ஆடுவதைப் பார்க்கிறாள், ஊமைப் படத்தைப் பார்ப்பதுபோல, கொஞ்சம் இரக்கத்தோடு. "இல்லீங்க, நானே சொல்லிக்கறனுங்" என்றாள்.

இந்தத் தடவை மறக்கவில்லை. "எங்கூட்டுக்காரரு அன்னைக்கு வேலைக்குத்தானுங் போனாரு" என்றாள். கம்பெனி வக்கீலின் பேனா நின்றது. "ஸ்ட்ரைக்குன்னு சொன்னாங்க. காத்தால கேட்டுல நின்னு கோசம் போட்டுட்டு, பொறவு பின்பக்கமாப் போனாருங். சூப்ரவைசர் போன் பண்ணிக் கூப்புட்டாரு. போன் பில்லுல அந்த நம்பரு இருக்குமுங்க. மில்லு ஓடுச்சுங்க அன்னைக்கு. ஓடலீன்னு ரெண்டு பேரும் சொல்றாங்க, ஓடுச்சுங்க. ஓடாத மில்லுல தொட்டி எப்புடிங் அடைக்கும்? உள்ள நாலஞ்சு பேரு இருந்தாங்க. தூக்குனவிங்க பேரு சொல்றனுங்." சொன்னாள். ஒவ்வொரு பெயரும் செங்கோடனுக்குத் தெரியும், ஒவ்வொருவருக்கும் சந்தா ரசீது எழுதியவர் அவர். ஒருவன் இப்போதும் செயற்குழுவில் இருக்கிறான், தூங்கிக்கொண்டே கையைத் தூக்குகிறவன். கட்டத்தின் ஓரத்தில் இருந்த சட்டைக் கை மறைந்துவிட்டது. வக்கீல், "இது சாட்சியின் பிரமாணப் பத்திரத்துக்கு முற்றிலும் முரணானது, மனுவில்..." என்றான். "அது என்ர பேச்சு இல்லீங்" என்றாள் வசந்தாமணி. "எழுதிக் கொடுத்தாங்க, கையெழுத்துப் போட்டனுங். எங்கூட்டுக்காரரு ஸ்ட்ரைக்க மீறிப் போனாரு, தப்புத்தானுங். சோத்துக்குப் போனாரு. அதுக்காக அவுரு அந்த மில்லுலயே இல்லேன்னு ஆயிருமுங்களா?" அலுவலர் எதையோ எழுதிக்கொண்டார். பிறகு நிமிர்ந்து நான்காவது கட்டத்தைப் பார்த்தார். "செங்கோடன், நான் பேசுவது கேட்கிறதா? கேட்டால் கையைத் தூக்குங்கள்." கை தானாகவே உயர்ந்தது. "அன்றைக்கு ஆலை ஓடவில்லை என்று உங்கள் மனுவில் இருக்கிறது. எதிர்த்தரப்பும் அதையே சொல்கிறது. ஓடியது என்கிறார் சாட்சி. சாட்சி சொல்வதுதான் சரி என்றால் தலையை அசையுங்கள், பதிவு செய்துகொள்கிறேன். இல்லை என்றால் அவர் முன்பு கையெழுத்துப் போட்ட பிரமாணப் பத்திரம்தான் நிற்கும்." அவருக்கு வாயில் வார்த்தைகள் திரண்டன. எத்தனை இருந்தது சொல்வதற்கு. காண்ட்ராக்ட் முறை எப்படி வந்தது, தொழிலாளி எந்த நிலைமையில் பின்பக்கமாகப் போகிறான், ஒரு சங்கம் தன் கடைசிப் போராட்டத்தைக் காப்பாற்ற என்னவெல்லாம் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, இதையெல்லாம் வரிசையாக, காரண காரியத்தோடு, ஒரு மணி நேரம் கொடுத்தால் எதிரியே ஏற்றுக்கொள்ளும்படி சொல்லக்கூடியவர் இந்த ஊரில் அவர் ஒருவர்தான். உதடு அசைந்தது, திரையில் கிழவனின் உதடும் அசைந்தது, ஒரு சத்தமும் இல்லை. தலையசைப்பில் ஆனால் என்று ஒரு சொல் வைக்க இடம் கிடையாது. நாளைக்குத் தேநீர்க் கடையில் தெரிந்துவிடும். அந்த நாலைந்து பேர் வருவார்கள், எங்களைக் காட்டிக் கொடுத்தாயே என்பார்கள். நோட்டீஸ் பொய் என்பார்கள், ஒன்று பொய் என்றால் எல்லாமே பொய் என்பார்கள், ஐம்பது வருஷமும். அசைக்காமல் இருந்தால் போதும். கம்ப்யூட்டர் கோளாறு என்று சொல்லிக்கொள்ளலாம், படம் உறைந்துவிட்டது என்று, எல்லாரும் நம்புவார்கள், யாகூபைத் தவிர எல்லாரும். உறைந்துபோனதுபோலவே உட்கார்ந்திருந்தார். இமைகூட ஆடவில்லை. மேசையின் கோடியில் வசந்தாமணி அவரைப் பார்க்கவில்லை. தண்ணீர் டம்ளரை இன்னும் தொடாமல், தன் கைகளை மேசைமேல் விரித்து வைத்து, நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "செங்கோடன்?" என்றார் அலுவலர். கழுத்து மரத்துப்போயிருந்தது. அவர் அதை வளைத்தார், துருப்பிடித்த எதையோ வளைப்பதுபோல, முகவாய் நெஞ்சைத் தொடும்வரை, ஒருமுறை. திரையின் மூலையில், சற்றுத் தாமதித்து, அந்தக் கிழவனும் தலையை அசைத்தான்.